எல்லாம் வந்து சேர்ந்த ஊர்

சென்ற மாதம் ஏதோ ஒரு கல்லூரியிலிருந்து நான்கைந்து பிள்ளைகள் செஞ்சிக்கு வந்திருந்தார்கள். கொரோனா காலத்தில் சரக்கு வரத்து நின்றபோது சின்ன ஊர்கள் எப்படிச் சமாளித்தன என்று ஆராய்ச்சியாம். கேமரா, மைக், கழுத்தில் அட்டை எல்லாம் இருந்தது. யாரைக் கேட்கலாம் என்று கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார்கள். எல்லோரும் ஒரே வீட்டைக் கைகாட்டியிருக்கிறார்கள். அது என் கொழுந்தன் வீடு. என் கணவரின் தம்பி. நெல், மல்லாட்டை (வேர்க்கடலை) மண்டி வைத்திருக்கிறான், வியாபாரிகள் சங்கத்தில் ஒரு பதவியும் வைத்திருக்கிறான். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்புயர மதில் ஒன்றுதான். அவன் பேசியது முழுக்க என் காதில் விழுந்தது.

"செஞ்சில ஒரு குறையும் வரல தம்பி. அரிசி வந்துச்சு, பருப்பு வந்துச்சு, காய்கறி வந்துச்சு. எந்த வீட்லயும் இது இல்ல அது இல்லன்னு ஒரு பேச்சு கெளம்பல. எல்லாத்தையும் சங்கத்துல பேசி கொண்டாந்துட்டோம்."

நான் மிஷினில் ரவிக்கைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தேன். கால் தன்னால் வேகமாக மிதித்தது, ஊசி உடைந்தது. எழுந்து போய் மதில்மேல் கையை ஊன்றி, தூ என்று ஒரு துப்பு துப்பலாமா என்று வந்தது. துப்பினால், படிக்க வந்த பிள்ளைகள் முன்னால் எனக்குத்தான் மரியாதை தெரியவில்லை என்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் காந்தி பஜார் பக்கம் ரவிக்கை தைக்கிறவள். என் கணவர் அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். கொரோனாவுக்குச் சில வருஷம் முன்பு அவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யாமல் போனது. மாற்று வைக்க வேண்டும், ரத்த சம்பந்தம் உள்ளவர்கள் கொடுத்தால் நல்லது என்றார்கள். கூடப் பிறந்த தம்பியைக் கேட்டோம். "எனக்கு சுகர் இருக்குது அண்ணி," என்றான். அதற்கு முதல் நாள் வரை அவனுக்குச் சுகர் கிடையாது. அப்புறமும் கிடையாது. கேட்ட அன்றைக்கு மட்டும் வந்துவிட்டுப் போனது. சரி, போகட்டும், பயம் எல்லோருக்கும் உண்டு. சோதித்துப் பார்த்ததில் என்னுடையது பொருந்தியது. பாண்டியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் என் இடது சிறுநீரகத்தை எடுத்து அவர் வயிற்றில் வைத்தார்கள்.

வைத்தால் மட்டும் போதாது. அடுத்தவருடைய உறுப்பை உடம்பு லேசில் ஒத்துக்கொள்ளாது, சண்டை போட்டு அழித்துவிடப் பார்க்கும். அதை அடக்கி வைக்கக் காலையும் மாலையும் மாத்திரை போட வேண்டும், ஆயுசுக்கும். அந்த மாத்திரை செஞ்சியில் கிடைக்காது, திண்டிவனத்தில் கிடைக்காது. மாதம் ஒரு தடவை பாண்டிக்குப் பஸ் ஏறிப் போய் ஆஸ்பத்திரியிலேயே வாங்கி வருவோம். அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது எங்கள் வண்டி.

ஊரடங்கு என்று ஒருநாள் ராத்திரி டிவியில் சொன்னார்கள். பஸ் நின்றது. பாண்டிக்காரர்கள் அவர்கள் எல்லையை அடைத்தார்கள். எங்களிடம் மாத்திரை கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது, அடுத்த வாரம் போகலாம் என்று இருந்தோம்.

சும்மா சொல்லக் கூடாது, ஊர் சமாளித்தது. எதை எதையெல்லாம் சமாளித்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். காய்கறி மார்க்கெட்டை பஸ் ஸ்டாண்டுக்கு மாற்றினார்கள். விழுப்புரம் பஸ் நிற்கிற இடத்தில் தக்காளி நின்றது, வேலூர் பஸ் நிற்கிற இடத்தில் வெங்காயம் நின்றது. வல்லத்துப் பக்கமிருந்து கத்தரிக்காய் மொபெட்டில் மூட்டை மூட்டையாக வந்தது. பால் வண்டியை யாரும் நிறுத்த மாட்டார்கள் என்று கண்டுபிடித்தார்கள் பாருங்கள், அன்றிலிருந்து பால் வண்டியில் பாலைத் தவிர மற்றதெல்லாம் ஏற ஆரம்பித்தது. தொண்டூர் பக்கமிருந்து வந்த ஒரு பால் வண்டியில் கல்யாணப்பெண்ணே வந்து இறங்கினாள், கேன்களுக்கு நடுவில், பட்டுப்புடவையோடு. தலைக்கு அடிக்கிற கருப்புச் சாயம் ஒரு நாள்கூடத் தட்டுப்பாடு ஆகவில்லை. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு மீசை நரைத்துவிட்டால் நாடு தாங்குமா? பிளெக்ஸுக்கும் தட்டுப்பாடு வரவில்லை. கபசுரக் குடிநீர் ஊற்றிக் கொடுக்கிற இடத்தில் குடிநீர் அண்டாவைவிட என் கொழுந்தன் படம் பெரிதாக இருந்தது. அந்த பிளெக்ஸ் துணி எந்த வழியாக வந்ததோ, அந்த வழியாக ஒரு மாத்திரை அட்டை வரக் கூடாதா?

எனக்கும் வேலை வந்தது. ரவிக்கை தைக்க யாரும் வரவில்லை, முகக்கவசம் தைக்கச் சொன்னார்கள். காதில் மாட்டுகிற எலாஸ்டிக் சென்னையிலிருந்து வர வேண்டும், வரவில்லை. பாவாடை நாடாவை வைத்துத் தைத்தேன். நாடாவும் தீர்ந்தபோது பழைய பனியனைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இழுத்தேன். பனியன் துணியை இழுத்தால் சுருண்டு கயிறு மாதிரி ஆகிவிடும், காதும் வலிக்காது. சங்கத்துக்கென்று ஒரு மூட்டை தைத்துக் கொடுத்தேன். கொழுந்தன் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல சங்கத்து பேரு பிரிண்ட் போட முடியாதா அண்ணி?" என்றான். வாயை மூடுகிற துணியிலும் அவன் வாய்தான் தெரிய வேண்டுமாம்.

பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். அங்கே எங்களுக்குப் பழக்கமான ஒரு நர்ஸம்மா இருந்தார். "ஒரு வேளை கூட விடக் கூடாதும்மா. விட்டா வச்சது கெட்டுப் போயிடும். மாத்திரை இங்க எடுத்து வச்சிட்டேன். யாரையாவது அனுப்பி வாங்கிக்குங்க, யார் வந்தாலும் உங்க பேரச் சொன்னா குடுத்துடுவேன்," என்றார். அவ்வளவுதான் விஷயம். மாத்திரை இருக்கிறது. பாண்டியில் பையில் போட்டு எங்கள் பெயர் எழுதி இருக்கிறது. அங்கிருந்து செஞ்சிக்குக் கொண்டுவர ஓர் ஆள் வேண்டும்.

பாஸ் கேட்டு போனிலேயே விண்ணப்பம் போட்டேன். திரும்பி வந்தது. மறுபடி போட்டேன், மறுபடி திரும்பி வந்தது. திண்டிவனம் வரை போகிற காய்கறி வேனில் ஏறிப் போய், அங்கிருந்து வெயிலில் நடந்தும், கிடைத்த வண்டியில் தொற்றியும் எல்லை வரை போனேன். தடுப்புக் கட்டையில் ஒரு போலீஸ்காரர், பாவம், சின்ன வயசு, நான் காட்டிய சீட்டை எல்லாம் படித்தார். "உங்கள விட்டுருவேம்மா, அந்தப் பக்கத்துக்காரன் விட மாட்டான். திரும்ப இந்தப் பக்கமும் விட மாட்டாங்க. வெயில்ல நிக்காதீங்க," என்று தண்ணீர் பாட்டில் கொடுத்து அனுப்பினார். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை.

சங்கத்துக்கு வாட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது. முகக்கவசம் தைத்ததால் என்னையும் அதில் சேர்த்திருந்தார்கள். அதில் போட்டேன், இன்னாருக்கு இந்த மாத்திரை, பாண்டியில் தயாராக இருக்கிறது, யாராவது வருகிறவர்கள் இருந்தால் வாங்கி வந்து உயிரைக் காப்பாற்றுங்கள் என்று. பதில் குவிந்தது. கும்பிடுகிற கை, கும்பிடுகிற கை, விளக்கு, மறுபடி கும்பிடுகிற கை. ஒருவர் நெருஞ்சி முள் கஷாயம் குடிக்கச் சொன்னார். இன்னொருவர் மஞ்சளின் மகிமை என்று வீடியோ அனுப்பினார். கொழுந்தனும் போட்டான், "அண்ணனுக்காகச் சங்கம் துணை நிற்கும்" என்று. அடேயப்பா! அண்ணன் வீடு மதிலுக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறது, வந்து ஒரு வார்த்தை கேட்க அவனுக்குக் கால் வரவில்லை.

மாத்திரை தீரத் தீர என் கணவர் தானாகவே காலையில் மட்டும் போட ஆரம்பித்தார். "ரெண்டு வேள போட்டா சீக்கிரம் தீந்துடும். ஒரு வேள போட்டா கொஞ்ச நாள் தாங்கும்ல," என்றார். மில்லில் கணக்கு எழுதிய புத்தி. நான் கத்தினேன், அழுதேன், போடுங்கள் என்று கையில் திணித்தேன். போட்டால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று அவர் கேட்டார். கொஞ்ச நாளில் அவர் காலில் வீக்கம் கண்டது. காலையில் செருப்பு நுழையவில்லை. என் விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நின்றது. என் உடம்பிலிருந்து எடுத்துக் கொடுத்தது உள்ளே சாகிறது, எனக்கு அதை எடுத்த இடது பக்கம் வலித்தது. வலிக்காது என்று டாக்டர்கள் சொல்வார்கள். எனக்கு வலித்தது.

அந்த நாட்களில் கொழுந்தன் வீட்டுக்கு ஒரு மீன்காரர் வருவார். மொபெட்டில் பின்னால் பெரிய ஐஸ் பெட்டி. சந்து வழியாகப் பின்வாசலுக்குப் போய் நிற்பார். வாரத்தில் பாதி நாள் வந்தார். "எங்கருந்து வருது மீனு?" என்று ஓரகத்தியை மதில்மேலிருந்து கேட்டேன். "திண்டிவனம் மார்க்கெட்லருந்துக்கா," என்றாள். என் கணவருக்குப் பத்தியச் சாப்பாடு, மீன் வாங்க எனக்கு வழியில்லை. அதோடு விட்டேன்.

ஆனால் ஒரு விஷயம் உறுத்தியது. அத்தனை மீன் வாங்குகிற வீட்டிலிருந்து குழம்பு வாசனை வரவில்லை. மீன் குழம்பை ஒளித்து வைக்க முடியுமா? மூன்று வீட்டுக்கு மணக்கும். மதில் ஓரத்தில் என்றைக்கும் ஒரு முள் இல்லை. தெருப் பூனைகள்கூட அந்தப் பின்வாசலுக்குப் போய் ஏமாந்து எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தன. அப்படியென்ன மீன் அது, பூனைக்கும் ஆகாத மீன்?

ஒருநாள் மீன்காரர் வந்தபோது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சந்தில் போய் நின்றேன். அவர் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தார். மேலே இரண்டு கை காரப்பொடி மீன். அதற்குக் கீழே ஐஸ். ஐஸுக்குக் கீழே பாட்டில், பாட்டில், பாட்டில். பாண்டிச் சரக்கு.

என்னைப் பார்த்ததும் மூடியைச் சாத்தினார். "யக்கா, மீனு தீந்துபோச்சுக்கா," என்றார்.

"அது கெடக்குது. நீ எங்கருந்து வர்ற? உண்மைய சொல்லு, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பாண்டி பக்கம் எங்க குப்பம்க்கா."

"எல்ல அடச்சி கெடக்குதே, எப்படி வர்ற?"

அவர் சிரித்தார். "எல்லன்னா இன்னாக்கா, செவுரா கட்டி வச்சிருக்காங்க? எங்க பக்கம் ஒரே தெருவுல இந்த வாச பாண்டி, எதுத்த வாச தமிழ்நாடு. ரோட்டுல தான கட்ட போட்டுருக்கான். சவுக்குத் தோப்புல பூந்து ஏரிக்கர மேல வந்தா யாரு கேப்பாங்க?"

மாத்திரை விஷயத்தைச் சொன்னேன். ஆஸ்பத்திரியைச் சொன்னேன், நர்ஸம்மாவைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"இன்னாக்கா இது? அந்த ஆஸ்பத்திரி வழியா தான வர்றேன். மொதல்லயே சொல்லி இருக்கக் கூடாதா? நான் வர்றப்ப எல்லாம் இந்த வூட்டு அண்ணங்கிட்ட கேப்பேன், பாண்டிலருந்து வேற எதனா வேணுமான்னு. மருந்து, மாத்திர, எதனான்னு. மத்த ஊருல எல்லாம் சொல்லி வாங்கினு வரேன்க்கா. ஒண்ணும் வேணாம்னாரு. ஒவ்வொரு தபாவும் கேட்டேன். ஒவ்வொரு தபாவும் ஒண்ணும் வேணாம்னாரு."

ஏன் என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை. முந்தின வருஷம் அவன் மகள் நிச்சயதார்த்தத்தில் நிறைபோதையில் சம்பந்தி வீட்டுத் தாம்பாளத்தின்மேல் விழுந்தான். சம்பந்தி பெண்ணே வேண்டாம் என்று எழுந்துவிட்டார். அப்புறம் சமாதானம் பேசி, இரண்டு வீட்டுக்காரர்களும் மேல்மலையனூருக்குப் போனோம். அங்காளம்மன் சந்நிதியில் அவன் உள்ளங்கையால் எரிகிற கற்பூரத்தை அடித்து அணைத்து, இனி தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தான். எங்கள் பக்கத்தில் கற்பூரம் அணைத்துச் செய்த சத்தியத்துக்கு மேல் பேச்சு கிடையாது. கோர்ட்டில் பொய் சொன்னவனுக்குக்கூட இங்கே பெண் கொடுப்பார்கள், கற்பூரச் சத்தியத்தை மீறினவன் வீட்டில் பெண் எடுக்க மாட்டார்கள். கல்யாணம் ஊரடங்கு முடிவதற்காகக் காத்திருந்தது. அண்ணனுக்கு மாத்திரை வந்தால், எப்படி வந்தது என்று நான் கேட்பேன். மீன்காரர் என்பான். மீன்காரருக்குப் பாண்டியில் என்ன வேலை என்று அடுத்து கேட்பேன். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து, மதிலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குடித்துக்கொண்டு, ஒண்ணும் வேணாம் என்று சொல்லியிருக்கிறான். அம்மன்கிட்ட பொய் சொல்லத் தைரியம் இருந்தது, சம்பந்திகிட்ட மாட்டிக்கொள்ளத்தான் தைரியம் இல்லை. இவனெல்லாம் ஒரு ஆம்பளை, இவனுக்கு ஒரு சங்கம்.

அடுத்த நாளே மாத்திரை வந்தது. பாலித்தீன் பையை இறுக்கிக் கட்டி, நனையாமல் ஒரு டிபன் பாக்ஸுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார் மீன்காரர். மீன் வாடை அடித்தது. சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் வைத்து எடுத்தேன். அப்புறம் ஊரடங்கு தளரும் வரை அவர்தான் கொண்டுவந்தார். அவரைத் தெய்வம் என்று சொல்ல மாட்டேன், அதே பெட்டியில் எத்தனை வீட்டைக் கெடுத்தாரோ. ஆனால் கேட்டார். ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார்.

கொழுந்தனிடம் போய் நின்றேன். மண்டியில் மல்லாட்டை மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். வேறு யாரும் இல்லை.

"மெதுவா பேசுங்க அண்ணி," என்றான், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

"உங்கண்ணன் காலு வீங்கி கெடக்குது. தெரியுமா தெரியாதா?"

"தெரியும் அண்ணி."

"மீன்காரரு கேட்டாரா இல்லியா?"

"அத சொன்னா எல்லாம் வெளிய வரும் அண்ணி. பொண்ணு கல்யாணம் நின்னுடும். எங்க நெலமய நெனச்சுப் பாருங்க. இப்ப தான் மாத்திர வந்துடுச்சே. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவலியே."

அவனை அடிக்கக் கை வரவில்லை. பயத்தால் இல்லை. அவனைத் தொட்ட கையோடு வீட்டுக்குப் போய்ச் சோறு பிசைய வேண்டுமே என்றுதான். "அந்தப் பொண்ணு என்னா பாவம் பண்ணிச்சி. அதுக்காக வாய மூடிக்கிறேன். உனக்காக இல்ல," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவன் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது வாசல் வரை கேட்டது. கல்யாணம் நடந்தது. ஐம்பது பேருக்குமேல் கூடாது என்று சட்டம், அந்த ஐம்பதில் நாங்கள் இல்லை. "அண்ணனுக்கு உடம்பு சரியில்ல, கூட்டத்துல வேணாமே" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டான்.

பஸ் ஓட ஆரம்பித்ததும் முதல் பஸ்ஸிலேயே பாண்டிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். "கொஞ்ச காலம் மருந்து கொறஞ்சிருக்கும்மா. அதுல ஒரு பகுதி போயிடுச்சு. போனது திரும்பாது. மிச்சத்தையாவது காப்பாத்தலாம். எத்தன வருஷம்னு கேக்காதீங்க," என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. திண்டிவனம் தாண்டியதும் அவரிடம் சொன்னேன். அதுவரை, ரத்தக் கொதிப்பு ஏறிவிடும் என்று பயந்து மறைத்து வைத்திருந்தேன். மீன்காரரைப் பற்றிச் சொன்னேன், பாட்டிலைப் பற்றிச் சொன்னேன், உங்கள் தம்பியை ஒவ்வொரு தடவையும் கேட்டிருக்கிறார், அவன் ஒண்ணும் வேணாம் என்றிருக்கிறான் என்று சொன்னேன். அழுவார் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் கத்துவார், இனி அவன் முகத்தில் முழிக்க மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். கம்பியைப் பிடித்தபடி என் பக்கம் திரும்பினார்.

"அவன் இன்னா பண்ணுவான் பாவம்," என்றார். "வெளிய தெரிஞ்சா நாலு பேரு முன்னால அவன் மானம் போயிருக்கும்ல."

கண்டக்டர் விசில் அடித்தார், யாரோ இறங்கினார்கள், பஸ் மறுபடி கிளம்பியது. மாலை மாத்திரைக்கு நேரம் ஆகியிருந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்தேன், ஒன்றைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன், தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"முழுங்குங்க," என்றேன். "உங்களுக்காக இல்ல. உள்ள கெடக்குதே, அது என்னுது."